பட்டியலில் இல்லாத மணி

"ஐயா, பட்டியல்ல இல்லாத பொருள் ஒண்ணு கூடுதலா இருக்கு. உங்களுதான்னு பாருங்க."

வாசலில் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த பெரியவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

பாறைகளுக்கு மேலே, கடல் காற்று ஓயாமல் மோதும் அந்தக் காட்டேஜை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். அடுப்பு, பாத்திரம், படுக்கை எல்லாம் இருக்கும். சமைத்துச் சாப்பிடுவது வருகிறவர் பாடு. சனிக்கிழமை காலையில் ஒரு குடும்பம் கிளம்பும், மதியத்துக்கு மேல் அடுத்தது வந்து இறங்கும். அதைப் பராமரிக்கும் பெண், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கரண்டி முதல் தலையணை உறை வரை எண்ணிவிடுவாள். அதுவும் இரண்டு தடவை. வந்து போகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் லிஸ்ட்டம்மா. 'கடலில் ஒரு அலை குறைந்தாலும் லிஸ்ட்டம்மா கேட்பார்' என்று யாரோ வருகையேட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் படித்த பிறகும் அவள் எண்ணுவதை விடவில்லை.

பொருள் குறைந்து அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் பலர். கூடி மாட்டிக்கொண்டது இவர்தான்.

அவள் கையில் ஒரு சின்னப் பித்தளை மணி. மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நாக்கு ஆடாதபடி நூல் சுற்றிக் கட்டியிருந்தது.

"நான் போனப்புறம்தான் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார் பெரியவர்.

"ஆள் இருக்கும்போதே எண்ணிடுவேங்க. பின்னால ஒருத்தர் மேல வீண் பழி விழக்கூடாது பாருங்க."

அவர் சமையலறை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இது இந்த வீட்டு மணிதாம்மா. அதோ, பின்கதவுகிட்ட அந்த ஆணியில தொங்கிட்டிருந்துச்சு."

ஆணி இன்னும் அங்கேதான் இருந்தது. லிஸ்ட்டம்மா அதில் ஒரு கைத்துணிகூட மாட்டியதில்லை.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நானும் என் வீட்டுக்காரியும் இங்க வந்தோம். எனக்கு வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணுல லென்ஸை மாட்டிட்டு உட்கார்ந்தா சோறு தண்ணி மறந்துடும். சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னு கத்திக் கத்தியே அவ ஓஞ்சு போனா. இங்க நான் கீழ பாறையில உட்கார்ந்திருப்பேன். சமைச்சு முடிச்சதும் அவ இந்த மணியை ஆட்டுவா. உடனே ஏறி வந்துடுவேன். கல்யாணமாகி அந்த ஒரு வாரம்தாம்மா அவ கூப்பிட்டதும் நான் சாப்பிட வந்தது."

"அதுக்காகத்தான் எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்ததே எனக்குத் தெரியாது. அவ போய் நாலு மாசமாச்சு. அவளோட பழைய ஸ்வெட்டருக்குள்ள சுத்தி வச்சிருந்தா. 'அந்தப் பொண்ணுகிட்ட திருப்பிக் கொடுக்கணும்'னு கூடவே ஒரு துண்டுச் சீட்டு. எடுத்தாளே தவிர, ஒரு நாளும் அடிச்சதில்ல. பயந்துபோய்க் கட்டி வச்சிருக்கா. இந்த வாரம் பூரா உங்ககிட்ட சொல்லிடணும்னு பார்க்கிறேன், வாய் வரல. அவளைத் திருடின்னு நினைச்சுடுவீங்களோன்னு இருந்துச்சு. அவ திருடி இல்லம்மா."

"அப்படி யாரும் சொல்லலையே" என்றாள் லிஸ்ட்டம்மா.

"அப்போ இங்க ஒரு பொண்ணு வேலை பார்த்துச்சு. சிரிச்ச முகம். எங்களுக்குக் கத்தியெல்லாம் தீட்டிக் குடுத்துச்சு. மணியைக் காணோம்னு அதுக்கு ஏதாவது கஷ்டம் வந்துச்சாம்மா? அந்த நினைப்புதான் என்னைத் தூங்க விடல."

லிஸ்ட்டம்மா ஜன்னல் பக்கம் போனாள். ஏற்கனவே போட்டிருந்த தாழ்ப்பாளை மறுபடியும் அழுத்திப் போட்டாள்.

"ஒரு மணிக்காக யாருங்க வேலையை விட்டு அனுப்புவாங்க? அவங்களுக்கு வேற ஊர்ல நல்ல வேலை கிடைச்சுது, போயிட்டாங்க. மணியை யாரும் தேடக்கூட இல்ல."

"நிஜமாவா?"

"ஒரு ஸ்பூன் குறைஞ்சாலே ஊரைக் கூட்டுறவ நான். என்னைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரியா இருக்கு?"

பெரியவர் சிரித்துவிட்டார். ஒரு வாரமாக அந்த முகத்தில் அவள் பார்க்காத சிரிப்பு. அவள் நூலை வெட்டி, மணியை ஆணியில் மாட்டி, "ஒரு தடவை ஆட்டிட்டுப் போங்க" என்றாள். அவர் ஆட்டினார். சத்தம் கீழே பாறைவரை போயிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினார்.

வண்டி சரிவில் இறங்கி மறையும்வரை லிஸ்ட்டம்மா கையசைத்தாள். உள்ளே வந்து, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலின் கடைசியில் 'மணி - 1' என்று எழுதினாள். பிறகு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, பதினோரு வருடமாகக் கூப்பிடாத ஒரு எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, நான்தான். வச்சிடாதே. மணி கிடைச்சிடுச்சு, நீ எடுக்கல. அன்னிக்கு முதலாளி உன்னை வேலையை விட்டு அனுப்பினப்போ, 'எடுத்திருந்தா குடுத்துடு'ன்னு எல்லார் முன்னாடியும் உன்னைக் கேட்டேனே, அந்த வாயாலேயே சொல்றேன்க்கா."