பதினோரு நாள் அழுகை

ஒன்பதாவது டேக்கும் சரியாக வரவில்லை.

திரையில் இருபத்துநான்கு வயது அல்பனா வாசற்படியில் நின்று உதட்டை அசைத்தாள். மைக்கின் முன்னால் நாற்பத்தாறு வயது அல்பனா அந்த உதட்டைத் துரத்திக்கொண்டு ஓடி, ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்டாள்.

“போறதுன்னா போ. கதவை மட்டும் சாத்தாதே.”

மொத்த வசனமே இவ்வளவுதான். மும்பை அந்தேரியின் ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் அவளை அடையாளம் கண்டுகொண்டால், இறங்கும்போது இதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். ஆட்டோவுக்குக் கதவே கிடையாது என்பது வேறு விஷயம்.

படத்தைத் துடைத்துத் துலக்கித் தீபாவளிக்கு மறுபடியும் வெளியிடுகிறார்கள். எட்டாவது ரீலில் ஓர் இடத்தில் ஒலி அரித்துப்போயிருந்தது. அந்த வசனத்தை அவளே வந்து பேசித் தரவேண்டும். படம் ஓடினால், ஒரு பெரிய சீரியலில் மாமியார் வேஷம் நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். பதினாறு வருடமாக நகைக்கடைகளில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருப்பவளுக்கு அது மறுபிறவி.

ஆனால் அந்தக் குரல் அவளுடையது இல்லை.

அந்தக் காலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. கோவாவிலிருந்து வந்த பெண், இந்தி அவள் நாக்கில் ஒட்டவே இல்லை. குரலும் கரகரப்பு. ஆறு படங்களில் அவளுக்காக மந்தா பித்ரே பேசினாள். ஆறும் வெள்ளிவிழா. ‘தேன் குரல் அல்பனா’ என்று பத்திரிகைகள் எழுதியதையெல்லாம் அல்பனா வெட்டி ஒட்டி வைத்திருந்தாள், வெட்கமே இல்லாமல்.

ஆறாவது படம்தான் இது. அப்போது மந்தா ஒரே ஒரு தடவை கேட்டாள். பணம் கேட்கவில்லை. டைட்டிலில் தன் பேர், ஓரமாக, சின்ன எழுத்தில்.

“அவ பேரு வந்தா என் பேரை எடுத்துடுங்க” என்று தயாரிப்பாளரிடம் சொன்னாள் அல்பனா.

அதற்குப் பிறகு மந்தாவை யாரும் கூப்பிடவில்லை. வீம்புக்கு அல்பனா தானே பேச ஆரம்பித்தாள். மூன்று படங்கள் வரிசையாக மண்ணைக் கவ்வின. அவள் வாயைத் திறந்ததும் தியேட்டரில் சிரித்தார்கள். தொண்டையில் ஆபரேஷன் என்று ஒரு கதை கட்டினாள், ஊரும் நம்பியது. நாலாவது படத்தில் கதாநாயகனுக்கு அக்கா. ஐந்தாவது படம் வரவே இல்லை.

வளையல் சத்தம் மைக்கில் விழுந்துவிடக் கூடாதே என்று கைக்குட்டையை எடுத்து மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மந்தா அப்படித்தான் செய்வாள். தாலி கட்டிக்கொண்டவள் பச்சை வளையலைக் கழற்றக் கூடாது என்பாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் ஹேமல் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஹெட்போனில் அவர் குரல் வந்தது.

“வெந்நீர் குடிங்க மேடம், அவசரமே இல்ல. ஆபரேஷன் ஆன தொண்டை, முரண்டு பண்ணத்தான் செய்யும். நான்தான் நடுவுல ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். பழைய டப்பிங் நோட்டுல மந்தா பித்ரேன்னு ஒரு பேரு, இந்தப் படத்துக்குப் பதினோரு நாள். ஒருவேளை இவங்கதான் உங்களுக்குப் பேசினாங்களோன்னு டோம்பிவிலி வரைக்கும் தேடிக்கிட்டுப் போயிட்டேன்.”

அல்பனா மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“விழுந்து விழுந்து சிரிச்சாங்க மேடம். ‘நானா? பொண்ணை வழியனுப்புற சீன்ல கூட்டத்தோட நின்னு அழுதேன், அவ்வளவுதான். அந்த வசனம் அல்பனாவே பேசினது, அவளைக் கூப்பிடுங்க’ன்னாங்க. அழுறதுக்குப் பதினோரு நாளாம்மான்னு கேட்டேன். ‘எங்க டைரக்டர் அழுகை விஷயத்துல ரொம்பக் கறார்’னுட்டாங்க!”

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தையில் கவிழ்த்திருக்கலாம். மந்தா கவிழ்க்கவில்லை. அது மன்னிப்பா, அல்லது இனி உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை என்பதா, அல்பனாவுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று ‘பீப்’.

‘கதவை’ என்பதற்கு முன்னால் மந்தா அரை மூச்சு நிறுத்துவாள். எப்படி அக்கா அது என்று அல்பனா ஒருமுறை கேட்டிருக்கிறாள். “அந்த எடத்துல அவளுக்கு நெஞ்சை அடைக்கும்ல?” என்று சாதாரணமாகச் சொன்னாள் மந்தா.

இன்றைக்கு அந்த இடம் வந்தபோது அல்பனா நிறுத்தவில்லை. தானாகவே அடைத்தது.

ஹேமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “இதுதான் மேடம்! இதுதான் உங்க குரல்!”

வெளியே வந்தாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் மாமியார் வேஷம் போகும். அந்த வெள்ளிவிழாக்களும் இனி அவளுடையவை இல்லை என்றாகிவிடும். வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஹேமல் முந்திக்கொண்டார். “டைட்டிலெல்லாம் புதுசா எழுதறோம் மேடம். பாவம், அந்தம்மா பேரையும் ஓரத்துல போட்டுடவா? கூட்டத்தில் அழுதவர்னு?”

கைக்குட்டையின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அதை அவிழ்க்க அல்பனாவுக்கு வெகுநேரம் பிடித்தது.

“போடுங்க” என்றாள். “எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசா.”