கேற்றடியில் ஒரு குரல்

வெயில் ஏறத் தொடங்குகிற நேரம். கோண்டாவில் ஊரின் குறுகிய ஒழுங்கை ஒன்றில், தன் வீட்டு முற்றத்தில் தயாளினி தோய்த்த உடுப்புகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருக்கிறாள். வாசல் கேற்றுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. "அக்கா!" என்று ஒரு குரல் கூப்பிடுகிறது. அவளுடைய கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. அங்கே தாலிக்கொடி இல்லை. அதை அறுத்தபோது தோல் கிழிந்த தழும்புதான் விரலில் தட்டுப்படுகிறது. போன மாதம் இதே ஒழுங்கையில், பட்டப்பகலில், ஹெல்மெட் போட்ட ஒருவன் இப்படித்தான் "அக்கா" என்று கூப்பிட்டு வழி கேட்டு, கிட்டப் போனவளின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடினான். மகள் மதுரா கேற்றைத் திறக்க ஓடுகிறாள். "திறக்காதை!" தன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் தயாளினிக்கே வேறு யாருடையதோ போலிருக்கிறது. வேப்பமரத்துக் காகங்கள் கலைந்து பறக்கின்றன. பக்கத்து வீட்டில் ஒரு யன்னல் சாத்தப்படுகிறது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். வேர்த்து வாடிய முகம். "பார்சல் அக்கா. பயந்திட்டியளோ? இதிலையே வைச்சிட்டுப் போறன்." பொட்டலத்தை மதில்மேல் வைத்துவிட்டு, சத்தம் வரக்கூடாதென்று மோட்டார் சைக்கிளைக் கையால் உருட்டிக்கொண்டு போகிறான். தயாளினி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். கையிலிருக்கும் ஈரச்சீலை அவள் கால்மேல் சொட்டுகிறது.

"அந்த அண்ணா கள்ளனோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் கத்தினனீங்கள்?"

தாயின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்த ஆறு வயதுக் குழந்தை, மெல்லக் கேற்றடிக்குப் போய், குதிக்காலை உயர்த்தி, இதுவரை ஒருநாளும் தொடாத மேல்கொண்டியையும் இழுத்துப் போடுகிறது.