முப்பத்தாறு மாதம்

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு யாராவது நெய்க்கு அலைவாங்களா?" என்று கணவர் கேட்டார்.

மனைவி சுவரிலிருந்த தவணை விளம்பரத்தையே மறுபடியும் விரலால் காட்டினாள். கையிலிருந்த பெரிய போனை இறக்கவில்லை.

போன் கடைக் கவுண்டருக்குள் நின்ற விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கணவர் டைல்ஸ் பதிக்கிறவர். நகக்கண்ணில் வெள்ளை சிமென்ட் அப்பியிருந்தது. கடையிலேயே உசத்தியான போனின் முழு விலையையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். பையைக் கண்ணாடி மேல் வைத்து, எங்கே நடந்துபோய்விடுமோ என்பது போலக் கையையும் அதன் மேல் வைத்திருந்தார்.

மனைவி ஒல்லியாக இருந்தாள். முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். இந்த வயசில் என்ன ஒரு துணிச்சல் என்று விற்பனைப் பெண் உள்ளூர மெச்சினாள். தனக்கும் அப்படி வெட்டிக்கொள்ள ஆசைதான். மாமியார் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

பின்னாலிருந்த கண்ணாடி அறையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கடையில் அவருக்குப் பெயர் கழுகு.

மொத்தமாகப் பணம் கட்டி வாங்குகிறவர்களைக் கழுகுக்குப் பிடிக்காது. ஒப்பந்தம் போட்டு மாசாமாசம் கட்டுகிறவர்கள்தான் வேண்டும். இந்த மாதம் விற்பனைப் பெண் ஓர் ஒப்பந்தம்கூடப் பிடித்திருக்கவில்லை. இன்றைக்கும் இல்லையென்றால் அவளைக் குடோனுக்கு அனுப்பிவிடுவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மாதத் தொகையைக் கேட்கும்வரை எல்லோரும் தலையாட்டுவார்கள். எத்தனை மாதம் என்று கேட்டதும் முகம் சாத்திக்கொள்ளும். "கொலை பண்ணினவனுக்கே இதைவிடக் கம்மியாத்தான்மா ஜெயில் குடுப்பாங்க" என்று போன வாரம் ஒருவர் சொல்லிவிட்டு எழுந்தே போனார்.

அதனால் மாதக் கணக்கு வரும் அந்த ஓர் இடத்தை மட்டும் அவள் மென்று முழுங்கக் கற்றிருந்தாள்.

"நீயே சொல்லும்மா. உன் அப்பனா நெனச்சுச் சொல்லு. எது லாபம்?" என்றார் கணவர்.

அவள் கண் ஒருமுறை கண்ணாடி அறைக்குப் போய்த் திரும்பியது.

"மொத்தமா வாங்குறதுதான் சார்," என்றாள் மெதுவாக. "தவணையில போனா, இதுல அஞ்சுல ஒரு பங்கு கூடுதலாக் கட்டுவீங்க."

குடோனில் ஜன்னல் கிடையாது.

கணவர் ஜெயித்த முகத்தோடு பையின் முடிச்சில் கை வைத்தார்.

"தவணைன்னா எத்தனை மாசம்?" என்று மனைவி கேட்டாள். கடைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"முப்பத்தாறு, அக்கா," என்று விற்பனைப் பெண் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"சரியாக் கேக்கல. இன்னொருதரம் சொல்லு."

"முப்பத்தாறு மாசம். மூணு வருஷம்."

முகம் சாத்திக்கொள்ளப்போகிறது என்று விற்பனைப் பெண் காத்திருந்தாள். சாத்தவில்லை. கடலை முதல்முறை பார்க்கிற குழந்தையின் முகமாக அது மெல்ல விரிந்தது. உதடு மட்டும் அசைந்து, மூன்று வருஷம் என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது.

"கடைசித் தவணை என்னிக்கு வரும்?"

விற்பனைப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தேதியையும் மாதத்தையும் வருஷத்தையும் சொன்னாள்.

"என்ன கிழமை?"

இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்காத கேள்வி. தேடிப் பார்க்கவேண்டியிருந்தது.

"வியாழக்கிழமை."

"ஏங்க, வியாழக்கிழமையாம்," என்று மனைவி கணவரிடம் திரும்பினாள். பிறந்த குழந்தைக்கு வைத்த பெயரைச் சொல்லுகிற குரல்.

கணவரின் விரல் முடிச்சிலேயே நின்றுவிட்டது.

விற்பனைப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நிபந்தனையைச் சொல்லாமல் விடக்கூடாது. "நடுவுல நிறுத்தினா அபராதம் உண்டுக்கா. பாக்கியை மொத்தமாக் கட்டணும்."

"நிறுத்தமாட்டேன்."

கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறவர்கள்கூட அவ்வளவு அழுத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

கணவர் பையை மெல்லத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். ஆனால் அது தோற்றுப்போன மனிதரின் முகமாக இல்லை.

மனைவி ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கேமராவைப் பார்க்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயிலில் நின்று சாலையை, பஸ்ஸை, எதிர்க் கடைப் பூனையை, எதையும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கையில பணம் இருந்தும் அக்கா ஏன் தவணை கேட்டாங்க?" என்றாள் விற்பனைப் பெண்.

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் டாக்டர் இவளுக்கு ஆறு மாசம் கெடு சொன்னார்மா. அதுலேர்ந்து வாராவாரம் ஆஸ்பத்திரி. வீட்டுல ஒரு காலண்டர்கூட மாட்டவிடல. இன்னிக்குக் காலையில அதே டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘இனிமே அடுத்த வருஷம் வந்தாப் போதும்’னுட்டார்."

பையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"அடுத்த வருஷம்னார்மா," என்றார் மறுபடியும்.