மிதவைக்குள் டீசல்

லொறியின் டீசல் தாங்கியிலிருந்து அளவுமானியைக் கழற்றி வெயிலில் உயர்த்திப் பிடிக்கிறான் மெக்கானிக் மெல்ரொய். கம்பியின் நுனியிலிருக்கும் மிதவையை அவன் ஆட்ட, உள்ளே டீசல் களக்களக்கென்கிறது. "ஓட்டை, ஹாஜியார். மிதவை தாழ்ந்தா மீட்டர் முள்ளும் விழும்தானே. டீசல ஒருத்தரும் எடுக்கல்ல." லொறிச் சொந்தக்காரர் அபூசாலி அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்க்கிறார். டீசல் திருடினான் என்று சாரதி உவைஸை வேலையை விட்டு அனுப்பியவர் அவர். "பள்ளியில குர்ஆனத் தொட்டுச் சத்தியம் பண்ணினானே. நான் நம்பல்லயே." "அவனுக்கு போன்ல கோல் எடுங்களன். அவன் வருவான்." "வருவான். அண்டைக்குச் சத்தியத்த முடிச்சிட்டு எனக்கு ஸலாம் சொல்லிக் கை நீட்டினான், மெல்ரொய். நான் கை குடுக்கல்ல." டீசல் பட்ட பெருவிரலைக் கைபேசியில் உவைஸின் எண்ணுக்கு மேலே பிடித்தபடி நிற்கிறார்.