நாலாம் விதி

கஞ்சாவுக்கு இருந்த தடை நீங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இனி யார் பயிரிடலாம் என்று விதி வகுக்க, அரசுக் குழு ஒன்று கம்பம் ஊரில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டது. கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு உரிமம் கிடையாது என்றது நாலாம் விதி.

கஞ்சா பயிரிட்டு ஏழு வருஷம் ஜெயிலில் கிடந்த காமுத்தாய், பேசத்தான் மேடையேறினாள். மேசையில் அரசுப் பண்ணைக் கஞ்சாச் செடிகள் காட்சிக்குத் தொட்டி தொட்டியாக இருந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. மூன்று செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

"என்னம்மா பண்றீங்க? அரசாங்கச் செடி அது," என்று குழுத் தலைவர் பதறி எழுந்தார்.

"ஆண் செடி சார். விட்டு வச்சா மத்ததெல்லாம் விதை புடிச்சு வீணாப் போகும். போன வெள்ளாமை உங்களுக்கு அப்படித்தான போச்சு?"

தலைவர் பக்கத்திலிருந்த வேளாண் அதிகாரியைப் பார்த்தார். அவர் தலையைக் குனித்துக்கொண்டார்.

"பார்த்ததும் எப்படித் தெரியுது? எங்கே படிச்சீங்க?"

காமுத்தாய் மஞ்சப்பையிலிருந்து தன் வழக்கின் தீர்ப்பு நகலை எடுத்துத் தலைவர் முன் விரித்தாள். 'ஆண் செடியைக் கண்டவுடன் பிரித்தறியும் எதிரியான காமுத்தாய், இத்தொழிலில் கைதேர்ந்தவர் என்பது ஐயமற நிரூபணமாகிறது.'

"நான் சொல்லல சார், உங்க கோர்ட்டு சொன்னது. இதுக்குத்தான் ஏழு வருஷம் உள்ள வச்சீங்க."

பையை மடித்து இடுப்பில் செருகினாள்.

"இன்னும் ரெண்டு ஆண் செடி அதுல நிக்குது. நாலாம் விதியை அடிச்சுட்டுக் கூப்பிடுங்க. எதுன்னு வந்து காட்டுறேன்."