மதில் எத்தனை கனம்

மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்ச சாயக்காரி, புது மருமக எப்படிம்மா இருக்கேன்னு கண்ணாடிச் சில்லைக் குசலம் விசாரிச்சா.

சதைத் துணுக்கை வெங்காயச் சருகை விட மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி, பார்த்துச் சொல்றது அவ வேலை. விரல் பத்தும் எப்பவும் ஊதா. பேரு வந்தது அதனாலதான்.

மருமகள்ங்கிறது ஒரு பிளாஸ்டிக் இழை. கரண்ட் கடத்துற ரகம். நரம்பு அறுந்த கைக்குள்ள வச்சுத் தைச்சிடுவாங்க. மூணு மாசம் கழிச்சு பக்கத்துச் சதையைத் துளி கிள்ளி இவகிட்ட அனுப்புவாங்க.

உடம்பு அசல் மாமியார். யார் புதுசா வந்தாலும் கூட்டமா கூடி ஏற இறங்கப் பார்க்கும். கடிச்சுப் பார்க்கும். மசியலைன்னா சுத்தி மதில் எழுப்பி ஒதுக்கி வச்சிடும்.

மதில் ஐம்பது மைக்ரானுக்குள்ள இருந்தா இழை தங்கும், விரல் அசையும். தாண்டினா கரண்ட் போகாது. திங்கக்கிழமை உருவிடுவாங்க.

யார் கைன்னு அளக்கிறவங்களுக்குத் தெரியக்கூடாது. சீட்டுல இருந்தது இவ்வளவுதான்: முப்பத்தொண்ணாம் நம்பர், ஆம்பளை, வலது முன்கை.

பன்னிரண்டு இடத்துல அளந்து சராசரி போடணும். ஏழு முடிஞ்சப்ப சராசரி ஐம்பத்தொண்ணுல நின்னுது.

பக்கத்து மேசைக்காரர் திரையை எட்டிப் பார்த்து, மதில்மேல் பூனையா இருக்கேன்னார். பூனையை நம்ம பக்கமா லேசா தள்ளி விட்டுடவான்னு இவ கேட்டா. தள்ளுவ தள்ளுவன்னு சிரிச்சார். மனுஷன் ஒரு மைக்ரான் கூட விட்டுக்கொடுக்காத கறார் பேர்வழி.

எட்டாவது இடத்துக்கு நகர்த்தினா.

ஓரத்துல கரும்பச்சைப் பொடி. அதை ஒட்டி நாலஞ்சு சிவப்புப் பொடி. பல வருஷம் முன்னாடி முழுங்கினதை செல்லுங்க இன்னும் வயித்துலயே வச்சிருந்துது.

பச்சை குத்தின மை, அதுக்கும் மதிலுக்கும் சம்பந்தமில்ல, மேல போன்னார் மேசைக்காரர். பச்சையில பொண்டாட்டி பேரு இருக்கும், பக்கத்துல சிவப்பா ஒரு ஹார்ட்டு இருக்கும். ஐயா பெரிய ரசனைக்காரர்தான்னு கிண்டல் வேற.

சாயக்காரி சீட்டை இன்னொரு தடவை படிச்சா: ஆம்பளை, வலது முன்கை.

இன்னும் அஞ்சு இடம் பாக்கி. மதில் மெல்லிசான இடம் எது எதுன்னு அவ கண்ணுக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

பேனாவை எடுத்து ஃபாரத்துல ஏழு அளவையும் அடிச்சா. சில்லு வச்ச தட்டை அப்படியே அவர் பக்கம் தள்ளினா.

முதல்லேர்ந்தா, சாப்பாட்டு நேரத்துலயான்னு அவர் முணுமுணுத்தார். ஆனா உட்கார்ந்தார்.

அவர் அளந்து முடிக்கிற வரைக்கும் இவ ஏற்கெனவே கழுவின குடுவையை மூணு தடவை கழுவினா.

நாற்பத்தெட்டு.

ஒத்துக்கிச்சு, இழை தங்கட்டும்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையைச் சொறிஞ்சார். ஒருத்தர் அளந்ததை அடிச்சா காரணம் எழுதணும். தெரிஞ்ச ஆளா இருந்தா என்ன உறவுன்னும் எழுதணும். என்னன்னு போடட்டும்னு கேட்டார்.

அவ குழாயை மூடினா.

"இப்போ உறவு எதுவும் இல்லன்னு போடுங்க சார். அப்புறம், அது ஹார்ட்டு இல்ல. ரோஜா."