மீதி மூன்று

ஏழாவது அடி விழுந்தபோது அவன் கத்தவில்லை.

முதல் ஆறுக்கும் கத்தியிருந்தான்.

அவள் சுவரோரத்திலிருந்து நகர்ந்து அவனருகே போனாள். அவன் கைகளும் கால்களும் மரச்சட்டத்தில் தோல்வாரால் கட்டப்பட்டிருந்தன. சிறுநீரகத்தைக் காக்கக் கீழ்முதுகில் தடித்த மெத்தை கட்டியிருந்தது. அதற்குக் கீழே, பிட்டத்தில், துணி இல்லை. இப்போது தோலும் அதிகம் இல்லை.

பிரம்படிக்காரர் இரண்டடி பின்வாங்கி மூச்சு வாங்கினார். விரல் பருமன் பிரம்பு. நுனியிலிருந்து சொட்டியது. ஒரு காவலர் ஈரத்துணியால் அதைத் துடைத்தார்.

அவள் சிறை மருத்துவர். இந்த மலேசியச் சிறைக்கு வந்து ஐந்து மாதம். அடி வாங்க உடம்பு தாங்குமா என்று பார்ப்பது அவள் வேலை. தாங்காது என்று சொன்னால் அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும்.

இதுவரை ஒருமுறையும் சொன்னதில்லை.

கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள். நூற்று நாற்பத்தாறு. உதடு வெளுத்திருந்தது. நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது.

"புவனேந்திரன், நான் பேசுறது கேக்குதா?"

கண்ணைத் திறந்தான்.

தொடரலாமா என்று கண்காணிப்பாளர் மலாயில் கேட்டார். தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"டாக்டர்." அவன் குரல் காற்றாக வந்தது. "நிப்பாட்டாதீங்க."

"இன்னும் மூணு இருக்கு."

"மூணுதானே. தாங்கிருவேன். கோர்ட்டுக்கு மட்டும் திருப்பி அனுப்பிறாதீங்க, டாக்டர்."

அவளுக்குப் புரிந்தது.

இன்று நிறுத்தினால் மீதி மூன்றை இன்னொரு நாள் அடிக்க முடியாது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. நீதிமன்றம்தான் முடிவு செய்யும். மூன்றையும் தள்ளிவிடலாம். அல்லது பதிலாக ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம்.

மேல்முறையீடு தோற்று முடிய நான்கு வருடம் ஆகியிருந்தது. அதுவரை பிரம்படியும் காத்திருந்தது. இன்னும் பத்தொன்பது நாளில் அவனுக்கு விடுதலை. காலைப் பரிசோதனையில் அவள் கேட்காமலே சொன்னான். ஜனவரியில் மகள் ஒன்றாம் ஆண்டில் சேர்கிறாளாம். பள்ளிக்கூடத்துக்கு அப்பா கூட்டிப்போக வேண்டுமாம்.

காலையில் அவனுடைய கோப்பையும் படித்திருந்தாள். பாராங் கத்தியோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தவன். கதவை அடைக்கப் பார்த்த கிழவரின் வலது கையில் வெட்டினான். மூன்று விரல்கள் போயின. மருத்துவமனையில் ஒன்றைத்தான் திரும்பத் தைக்க முடிந்தது.

கிழவரின் அந்தக் கையை வலிந்து நினைத்துப் பார்த்தாள். மனதில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமிதான் வந்து நின்றாள்.

"டாக்டர்?" கண்காணிப்பாளர் இம்முறை நிமிர்ந்தார்.

மறுபடி நாடி. நூற்று ஐம்பத்திரண்டு. அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரே பதில்தான்.

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொடரலாம்," என்றாள்.

சுவரோரம் திரும்பிப் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

எட்டு.

சத்தம் மாறியிருந்தது. ஈரத்தின் மேல் விழும் சத்தம். அவளுடைய வெள்ளை அங்கியின் கையில் ஏதோ தெறித்தது.

ஒன்பது.

ஏற்கனவே பிளந்திருந்த இடத்திலேயே விழுந்தது. அவன் கால்கள் உதறின. சிறுநீர் தொடை வழியே ஓடித் தரையில் இருந்த ரத்தத்தோடு கலந்தது. யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பத்தாவதுக்கு ஆள் மாறினார்கள். புதியவருக்குக் கை ஓயவில்லை. முழு உடம்பையும் திருப்பி வீசினார்.

பத்து.

அவன் பற்கள் கீழுதட்டைத் துளைத்திருந்தன.

வார்களை அவிழ்த்ததும் சரிந்தான். இரண்டு காவலர்கள் தூக்கிப்போய்ப் பக்கத்து அறைக் கட்டிலில் குப்புறப் போட்டார்கள். வாந்தி எடுத்தான். அவள் அவன் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டாள். மருந்தில் தோய்த்த பஞ்சை வைத்தபோது அவன் முதுகு முழுவதும் துடித்தது.

பத்து நிமிடம் கழித்து நாடி இறங்கத் தொடங்கியது. நூற்று முப்பது. நூற்றுப் பதினெட்டு.

"தேங்க்ஸ், டாக்டர்," என்றான்.

பஞ்சோடு அவள் கை நின்றது.

"பேசாதீங்க," என்றாள். சொன்ன வேகத்தில் காவலர் திரும்பிப் பார்த்தார்.

பத்தொன்பதாம் நாள் அவன் நடந்தே வெளியே போவான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் நிரப்பிய தண்டனைப் படிவம் அப்படியேதான் இருந்திருக்கும். அடிகள், பத்து. கைதியின் உடல்நிலை தண்டனை முடியும்வரை தகுதியாக இருந்தது. கீழே அவள் பெயர், பதவி, நேரம்.

கையெழுத்துப் போட்டாள்.

தரையைக் கழுவிவிட்டார்கள். அடுத்த ஆளைக் கூட்டிவந்தார்கள். லாரி ஓட்டுபவர். நாற்பத்தொரு வயது. ஆறு அடி.

அகன்ற மார்பு. ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். இதயம் சீராக, பலமாக அடித்தது. குதிரை மாதிரி உடம்பு. அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஒரு நிமிடம் ஆனது.

கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன டாக்டர், ஏதாச்சும் கோளாறா?" லாரிக்காரரின் குரல் நடுங்கியது.

பேசாதீர்கள் என்று விரலைக் காட்டினாள். ஸ்டெதஸ்கோப்பை இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினாள். ஒரு துடிப்பாவது தவறுமா என்று கண்களை மூடிக்கொண்டு கேட்டாள்.